கொழும்பில் வேலை, பஸ், பிள்ளைகள் என்று ஓடும்போது செபத்துக்கு எப்படி நேரம் ஒதுக்குவது?

நேரம் கிடைக்கும்போது செபிக்கலாம் என்று இருந்தால் கிடைக்கவே கிடைக்காது. பைபிளில் மாற்கு நற்செய்தி 1:35-ஐப் பாருங்கள். முந்தின மாலை ஊரே வாசலில் கூடியிருந்தது. ஆனாலும் இயேசு இருட்டோடு எழுந்து செபிக்கத் தனிமையான இடத்துக்குப் போய்விட்டார். 'எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள்' என்று சீடர் சீமோன் பின்னாலேயே வந்து நிற்கிறார், நம் ஒஃபிஸ் போன் மாதிரி!

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் விடிய ஐந்து மணிக்குத் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துவிட்டுக் குசினிக் கதவைச் சாத்துவேன். போன் அறையிலேயே கிடக்கும். ஒரு திருப்பாடல், அப்புறம் சும்மா இருப்பது. அதுதான் கஷ்டம். மனம் கரண்ட் பில்லுக்கு ஓடும். திட்டாமல் திரும்பக் கூட்டிவர வேண்டியதுதான்.

காலி வீதி நெரிசலில் பஸ்ஸில் செபமாலை சொல்வதும் நல்லதே, ஆனால் அது தனிமை ஆகாது. கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் அமைதியாக உட்கார நினைத்தால் செவ்வாயைத் தவிருங்கள். அன்று சரியான சனம்.