நாற்பத்து மூன்று வயதில் பி.காம்.: வாசகர் கேள்விகள்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். எனக்கு வயது 43. பிளஸ் டூ முடித்த 1999ஆம் ஆண்டிலேயே திருமணம் ஆகிவிட்டது. மகள் கல்லூரியில் சேர்ந்த பிறகு, நானும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.காம். சேர்ந்தேன். முதல் பருவத்தில் நான்கு தாள்கள், மொத்தம் 22 கிரெடிட். தேறியது ஒரே ஒரு தாள். இரவு பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து படிப்பது மறுநாள் நினைவில் நிற்பதே இல்லை. இந்த வயதில் மண்டையில் ஏறாது என்கிறார் என் அண்ணன். விட்டுவிடலாமா?
- வாசகி, திருப்பூர்

பதில்: விட வேண்டாம், சகோதரி. உங்கள் தோல்விக்குக் காரணம் வயது அல்ல என்பதைக் கணக்கு எழுதும் உங்களுக்குக் கணக்காகவே காட்டிவிடலாம். ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு தேவை என்பது அந்தப் பல்கலைக்கழகமே வகுத்துள்ள அளவு. அப்படியானால் 22 கிரெடிட்டுக்கு 660 மணி நேரம். ஆறு மாதத்தின் 26 வாரங்களில் பங்கிட்டால் நாளொன்றுக்கு மூன்றரை மணி நேரத்துக்கும் மேல். கம்பெனி வேலையையும் வீட்டு வேலையையும் முடித்துவிட்டு வருகிறவருக்கு அவ்வளவு நேரம் எங்கே கிடைக்கும்? இருபது வயதுப் பிள்ளையை இந்த நிலையில் உட்கார வைத்தாலும் இதே மதிப்பெண்தான் வந்திருக்கும்.

மூன்றாண்டுப் பட்டப் படிப்பை ஆறு ஆண்டுகளுக்குள் முடிக்க அங்கே இடம் உண்டு. ஆகவே எல்லாத் தாள்களையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கின்றன. ஆண்டுக் கணக்கு முடிக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் உங்களால் புத்தகத்தைத் தொடவே முடியாது என்பதால், ஜூனில் ஒரு தாளும் டிசம்பரில் கூடுதலான தாள்களும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேறாத தாள்களின் மதிப்பெண்ணைப் பிரித்துப் பார்ப்பதும் அவசியம். ஒப்படைப்புக்கு, அதாவது வீட்டிலிருந்தே எழுதித் தரும் விடைகளுக்கு, 30 விழுக்காடு, எழுத்துத் தேர்வுக்கு 70 விழுக்காடு. இளநிலைப் படிப்பில் இரண்டிலும் தனித்தனியே 35 மதிப்பெண் பெற வேண்டும். ஒப்படைப்பில் தேறியிருந்தால் அந்த மதிப்பெண் அப்படியே நிற்கும். தேர்வை மட்டும் மறுபடி எழுதினால் போதும்.

இனி நினைவாற்றலுக்கு வருவோம். 2006ஆம் ஆண்டில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்து முந்தியவர்கள், ஒரு முறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள்தான். நீங்கள் இரவில் செய்வது முதல் வகை. கண் வரிகளின் மேல் ஓடுகிறது, தெரிந்ததுபோல் இருக்கிறது, விடிந்தால் காணோம். கல்லூரியில் நெடுங்காலம் கணக்குப்பதிவியல் கற்பித்தவன் என்ற முறையில், நன்றாகப் படிக்கும் இளம் பிள்ளைகளே இப்படி ஏமாந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எனவே படிப்பை விடியற்காலைக்கு மாற்றி, ஒரு மணி நேரம் போதும் என்று வைத்துக்கொண்டு, இருபது நிமிடம் படித்ததும் புத்தகத்தை மூடிவிடுங்கள். நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில், படித்ததை நினைவிலிருந்து எழுதுங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து, விடுபட்டதைச் சிவப்பு மையில் சேருங்கள். மூன்றாம் நாள் அந்தச் சிவப்பு வரிகளை மட்டும் மறுபடி எழுதிப் பாருங்கள்.

உங்களிடம் இருக்கிற, மகளுக்கு இல்லாத ஒரு மூலதனம் உண்டு: வேலை அனுபவம். திருப்பூரில் கூலி சனிக்கிழமை பட்டுவாடா. மார்ச் 31 செவ்வாய்க்கிழமையில் வந்தால், திங்கள், செவ்வாய் இரண்டு நாள் கூலி இன்னும் கொடுக்கப்படவில்லை. ஆனால் வேலை நடந்துவிட்டது. அந்தத் தொகைக்குக் கூலிக் கணக்கைப் பற்று வைத்து, கொடுபட வேண்டிய கூலிக் கணக்கை வரவு வைத்திருப்பீர்கள். பாடப் புத்தகத்தில் சரிக்கட்டுப் பதிவுகள் என்ற தலைப்பில் பயமுறுத்துவது இதுதான். டேலி என்ற கணக்கு மென்பொருளில் பதிவைப் போட்டதும் பேரேடும், பற்று வரவு மொத்தங்களைச் சரிபார்க்கும் இருப்பாய்வும் தாமே வந்துவிடும். தேர்வுக் கூடத்தில் அத்தனையும் கையால் வர வேண்டும், ஏன் அப்படிப் பதிந்தோம் என்று இரண்டு வரியும் எழுத வேண்டும். அந்த ஆண்டின் செலவு அந்த ஆண்டின் வருமானத்தோடுதான் சேர வேண்டும் என்பதே அந்த இரண்டு வரி. ஆகவே தினமும் உங்கள் மேசைக்கு வரும் ஒரு வவுச்சரையாவது, தொகையை மாற்றிக்கொண்டு, வெள்ளைத் தாளில் கையால் பதிந்து பழகுங்கள்.

கடையில் விற்கும் விடைகளைப் பார்த்து ஒப்படைப்பை நகலெடுக்காதீர்கள். எழுதிப் பழக உங்களுக்கு வாய்க்கிற நல்ல பயிற்சியே அதுதான். அண்ணனுக்கு இப்போது பதில் சொல்ல வேண்டாம். அரை மணி நேரம் கேள்வி கேட்கச் சொல்லி மகளிடம் புத்தகத்தைக் கொடுங்கள். அடுத்த தேர்வு முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

கேள்வி: வயது 36, ஆட்டோ ஓட்டுகிறேன். பத்தாம் வகுப்பு தேறியவன். பிளஸ் டூ படிக்காமலே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். அது அரசு வேலைக்கு உதவுமா?
- வாசகர், விழுப்புரம்

பதில்: அப்படி வாங்கும் பட்டம் தமிழ்நாடு அரசுப் பணிக்குச் செல்லாது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, அதன்பின் பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும். பணம் கட்டிப் பல ஆண்டுகள் படித்து முடித்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு கலங்கியவர்கள் உண்டு. நீங்கள் முன்பே கேட்டது நல்லதாயிற்று. முதலில் தனித்தேர்வராகப் பிளஸ் டூ தேறுங்கள், பிறகு பட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்பே போதும். அறிவிப்பு வந்ததும் எந்தப் பதவிக்கு எந்த வயது வரம்பு என்று உங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவுக்குப் பாருங்கள். அதன் 200 கேள்விகளில் 100 தமிழிலிருந்துதான் வருகின்றன. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையுள்ள தமிழ்ப் பாடநூல்களைச் சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் வண்டியிலேயே வைத்துப் படிக்கலாம்.