பனங்கிழங்கு பிடுங்கும்போது கொட்டையை வெட்டித் தின்கிறார்களே, உள்ளே இருப்பது என்ன?

அது தவுன். யாழ்ப்பாணத்தில் பூரான் என்பார்கள். நுங்காக இருந்தது முற்றினால் கல் போல் இறுகிவிடும். பழம் விழுந்த பிறகு கொட்டைகளை மணற்பாத்தியில் அடுக்கி மூடினால், முளை கீழ்நோக்கி இறங்கிக் கிழங்காகும். அதே சமயம் கொட்டைக்குள் வெண்மையான, பஞ்சு போன்ற ஒரு பகுதி வளர்ந்து, இறுகிய பருப்பைக் கரைத்து உறிஞ்சி முளைக்கு ஊட்டுகிறது. அந்தப் பகுதிதான் தவுன். முளைத்த தேங்காய்க்குள் இருக்கும் பூவுக்கும் இதே வேலைதான்.

கிழங்கு விளைய விளையத் தவுன் சுவை இழக்கும். ஆகவே கிழங்கு முற்றுமுன் வெட்டுவதே நல்லது. கொட்டையை மரக்கட்டையில் நிறுத்தி அரிவாளால் ஒரே போடு போட வேண்டும். இது பெரியவர்கள் வேலை. பிளந்ததும் கத்தி முனையால் நெம்பினால் உருண்டையாகக் கழன்று வரும். கடித்தால் மொறுமொறுப்பு, பிறகு இளஞ்சாறு, மெல்லிய இனிப்பு. சர்க்கரை எதுவும் வேண்டாம். வெட்டுபவரைச் சுற்றிப் பிள்ளைகள் கை நீட்டி உட்கார்ந்திருக்க, வீட்டுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் கிழங்கு மட்டும்தான்.

கிழங்கைத் தோலுரித்து, உப்பும் மஞ்சளும் போட்டு அவித்து, இரண்டாகப் பிளந்து நடுக்குருத்தையும் நாரையும் நீக்கிச் சாப்பிடுவார்கள். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் பொங்கல் சீர்வரிசையில் கரும்போடு இதுவும் கட்டாயம். கிழங்கு எல்லா ஊர்ச் சந்தைக்கும் வருகிறது. தவுன் அப்படி வருவதில்லை. வெட்டிய சில மணி நேரத்தில் நிறம் மாறிவிடும் என்பதால், தின்ன ஆசைப்பட்டால் பாத்தி வெட்டும் நாளில் அங்கேயே போய் நில்லுங்கள்.