பழைய கிட்டாருக்கு அவ்வளவு விலை கொடுக்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கல்லூரி நாளிலிருந்து கிட்டார் வாசிக்கிறேன், இப்போது வயது 41. நியூஜெர்சியில் இருக்கும் சித்தப்பா மகன், கூட வேலை செய்பவர் ஒருவர் மார்ட்டின் என்ற அமெரிக்க கம்பெனி 1972இல் செய்த டி-18 கிட்டார் ஒன்றை 1,900 டாலருக்குத் தருவதாகச் சொல்கிறான். பழைய கிட்டாரின் நாதமே தனி என்கிறார்கள். நிஜமா, கிளப்பிவிட்ட பேச்சா? வாங்கலாமா? (கோவை)

பதில்: பாதி நிஜம், பாதி கிளப்பிவிட்டது.

நிஜத்தை முதலில் பார்ப்போம். மரத்துக்கு வயதாக ஆக அதற்குள் இருக்கும் ஹெமிசெல்லுலோஸ் மெல்லச் சிதைகிறது, பிசின் இறுகுகிறது, காற்றிலிருந்து ஈரம் இழுப்பது குறைகிறது. எடை குறையும், விறைப்பு அப்படியே நிற்கும். கிட்டாரின் முன்பலகைக்கு வேண்டியது அதுதான். புது மரத்தை ஆக்சிஜன் குறைந்த சூளையில் வாட்டி இதே மாற்றத்தைச் சீக்கிரமாக வரவழைக்க யமஹா, மார்ட்டின் இரண்டு கம்பெனியும் ஆளுக்கொரு முறை வைத்திருக்கின்றன என்றால் விஷயத்தில் சரக்கு இருக்கிறது என்றுதானே அர்த்தம்.

கிளப்பிவிட்டது எதுவென்றால், பழசு என்றாலே நன்றாக இருக்கும் என்பது. அந்தக் காலத்திலும் மட்டமான கிட்டார்கள் மூட்டை மூட்டையாக வந்தன. அவை உடைந்து எப்போதோ விறகாகிவிட்டன, யாரோ பொத்திப் பொத்தி வைத்திருந்த நல்லவைதான் இன்று நம் கைக்கு வருகின்றன. வயலின் உலகில் 2012இல் பாரிஸ் பக்கத்தில் ஒரு சோதனை நடந்தது. 10 தேர்ந்த கலைஞர்களுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு பேர்பெற்ற பழைய இத்தாலிய வயலினான ஸ்ட்ராடிவேரியஸ் உட்பட 6 பழைய வயலின், 6 புதிய வயலின் கொடுத்து, கச்சேரிக்கு எதை எடுத்துப்போவீர்கள் என்று கேட்டார்கள். 6 பேர் கைகாட்டியது புது வயலினை.

இதெல்லாம் தெரிந்தும் எனக்கு அந்த ஆசை விடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நண்பர் ஒருவரிடம் ஐம்பதுகளில் செய்த சின்ன மஹோகனி கிட்டார் ஒன்று இருக்கிறது. தூக்கினால் காலிப் பெட்டி போல அவ்வளவு இலேசு. முதல் மூன்று ஃபிரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளுக்கு) நடுவே மரம் கிண்ணம் போல் குழிந்திருக்கிறது, முன்னால் வைத்திருந்தவர் சி, ஜி, டி தவிர வேறு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) பிடித்ததே இல்லை போலிருக்கிறது. என் விரல் தானாக அந்தக் குழியில் போய் உட்காருகிறது, மெதுவாகத் தொட்டாலே உடம்பு முழுக்க அதிர்ந்து வயிற்றில் தெரிகிறது, அன்று ஒரு மணி நேரம் வாசிக்கலாம் என்று எடுத்தவன் சாப்பாட்டை மறந்துவிட்டேன். இது வயதின் குணமா, அந்த ஒரு கிட்டாரின் குணமா என்று கேட்டால் இரண்டாவது என்றுதான் சொல்வேன். அதனால்தான் வருஷத்தை வைத்து வாங்காதீர்கள், கையில் எடுத்து வாசித்துப் பார்த்து வாங்குங்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரி, உங்கள் 1972க்கு வருவோம். முதலில் வருஷம் சரிதானா என்று பாருங்கள். சத்தத் துளை வழியாக டார்ச் அடித்தால், நெக், அதாவது கழுத்து, வந்து சேரும் இடத்தில் உள்ளே ஒரு மரக்கட்டை, அதில் மாடல் பெயரும் கீழே எண்ணும் பதித்திருக்கும். 1972 என்றால் அந்த எண் 294271க்கும் 313302க்கும் நடுவில் இருக்க வேண்டும். 1935இல் மார்ட்டின் செய்தது மொத்தமே மூவாயிரத்துச் சொச்சம் கிட்டார். 1971 ஒரே வருஷத்தில் 22,637. அதனால் எழுபதுகளின் மார்ட்டின் அபூர்வப் பொருள் இல்லை, அந்தக் காலத்தில் முன்பலகையைத் தாங்கும் உள்சட்டங்களைக் கொஞ்சம் தடிமனாகவே போட்டார்கள், சிலவற்றில் சேடில் (அடிப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் சின்னத் துண்டு) இடம் சற்றுத் தள்ளிப்போய் மேல் ஃபிரெட்டுகளில் சுருதி சேராது. அதை 12ஆவது ஃபிரெட்டில் டியூனரை (சுருதி காட்டும் கருவி) வைத்து உங்கள் தம்பியே பார்த்துவிடலாம்.

பணம் நிஜமாகப் போகும் இடம் நெக். ஆறு ஸ்டீல் கம்பிகள் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ பாரத்தோடு ஐம்பது வருஷமாக இழுத்தால் எந்த மரமும் கொஞ்சம் வளையும். நெக் முன்னால் சாயும், கம்பி உயரும், விரல் நோகும். இதற்கு வைத்தியம் நெக் ரீசெட்: பொருத்தில் ஆவி விட்டுப் பசையை இளக்கி, நெக்கைக் கழற்றி, அடியைச் சீவிக் கோணம் திருத்தி மறுபடி பூட்டுவது. அமெரிக்காவில் 500 டாலரைத் தாண்டுவது சகஜம். நம் ஊரில் இதைப் பதமாகச் செய்கிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பியைத் திருகி அதை நிமிர்த்திக்கொள்ளலாமே என்று நினைப்பீர்கள், மார்ட்டின் 1985 வரை திருகக்கூடிய கம்பி வைக்கவே இல்லை.

நான் இதைக் கையைச் சுட்டுக்கொண்டுதான் கற்றேன். பல வருஷம் முன்னால் ஒரு கடையில் பழைய ஜப்பான் கிட்டார் ஒன்று எடுத்தேன். கம்பி உயரமாக இருக்கிறதே என்றதற்கு, "சேடிலைத் தேய்ச்சா சரியாப் போயிடும் சார்" என்றார்கள். வீட்டில் வந்து பார்த்தால் தேய்க்க அதில் என்ன இருக்கிறது, எனக்கு முன்னால் நாலு பேர் தேய்த்துத் தேய்த்து, அதைத் தாங்கும் பிரிட்ஜ் கட்டையோடு சமமாகிக் கிடந்தது. கொடுத்த விலையைவிட ரிப்பேருக்குக் கேட்ட தொகை அதிகம். சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம்.

அதனால் தம்பியிடம் ஒரு நீளமான இரும்பு ஸ்கேல் எடுத்துப் போகச் சொல்லுங்கள். ஃபிரெட்டுகளின் மேல் படுக்க வைத்து பிரிட்ஜ் வரை தள்ளினால், ஸ்கேல் முனை பிரிட்ஜின் மேல்விளிம்பைத் தொட்டு நிற்க வேண்டும், அதற்குக் கீழே பிரிட்ஜின் பக்கத்தில் முட்டி நின்றால் ரீசெட் காத்திருக்கிறது. சேடில் பிரிட்ஜுக்கு மேல் ஒரு 3 மில்லிமீட்டராவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். 12ஆவது ஃபிரெட்டில் தடித்த கம்பியின் உயரம் இரண்டரை மில்லிமீட்டர் சுற்றி இருந்தால் நல்லது, மூன்றரை என்றால் பேரம் பேசுங்கள். பல் டாக்டர் வைத்திருக்கும் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு பிரிட்ஜுக்கு அடியில் இருக்கும் பலகை பிய்ந்திருக்கிறதா பார்க்கச் சொல்லுங்கள். விரல் முட்டியால் முன்பலகையை அங்கங்கே தட்டினால் எங்காவது கரகரவென்று சத்தம் வந்தால் உள்சட்டம் ஒன்று விட்டிருக்கிறது. விரிசல் இருந்தாலும் பயப்பட வேண்டாம், உள்ளே சின்ன மரத்துண்டு வைத்து ஒழுங்காக ஒட்டியது நூறு வருஷம் நிற்கும். எபாக்சி போட்டு அப்பியிருந்தால்தான் ஓடிவிட வேண்டும்.

ரீசெட் முடிந்து ரசீதும் இருந்தால் 1,900 நியாயம், புது டி-18 இதைவிட அதிகம். இனிமேல்தான் ரீசெட் செய்ய வேண்டும் என்றால் அந்தச் செலவைக் கழித்துக் கேளுங்கள், தரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஒன்று ஞாபகம் இருக்கட்டும், மார்ட்டினின் ஆயுட்கால வாரண்டி முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான், உங்களுக்கு வராது.

கேள்வி: ஹூஸ்டனிலிருந்து குடும்பத்தோடு சென்னை திரும்புகிறோம். என்னிடம் 1966 மார்ட்டின் டி-28 இருக்கிறது, பின்பலகை பிரேசில் ரோஸ்வுட் மரம். கையில் எடுத்து வந்துவிடலாமா? இல்லை இங்கேயே விற்றுவிட்டு எழுபதுகளின் டி-28 வாங்கிக்கொள்ளட்டுமா?

பதில்: சும்மா தூக்கிக்கொண்டு விமானம் ஏறிவிடாதீர்கள். பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் சைட்டிஸ் (அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) முதல் பட்டியலில் இருக்கிறது, புலியும் யானையும் இருக்கும் அதே பட்டியல். தடைக்கு முன்பே செய்த கிட்டார் என்று அமெரிக்க மீன், வனவிலங்குத் துறையிடம் சான்று வாங்கினால்தான் எல்லை தாண்டலாம். 2019 நவம்பரில் ரோஸ்வுட் வாத்தியங்களுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்களே என்று யாராவது சொன்னால், அது மற்ற ரோஸ்வுட்டுக்கு, உங்கள் மரத்துக்கு இல்லை. நட் (நெக் முனையில் கம்பிகளைத் தாங்கும் துண்டு), சேடில் எதில் செய்தது என்பதையும் பார்த்துவையுங்கள், தந்தம் என்றால் அது தனி வம்பு.

இரண்டாவது யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. பிரேசில் மரம் கிடைப்பது கஷ்டமானதும் 1969 கடைசியில் மார்ட்டின் டி-28க்கு இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. வேறொன்றுமில்லை, நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம், தோதகத்தி என்றும் சொல்வோமே, அதுதான். ஒரு வருஷம் முன்னே பின்னே செய்த கிட்டார்களுக்கு நடுவே விலையில் பெரிய பள்ளம் விழுந்தது இதனால்தான். காதில் பள்ளம் தெரிகிறதா? இங்கிலாந்தில் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், பின்பலகை மரத்தைத் தவிர மற்றதெல்லாம் ஒன்றுபோல இருக்கும் 6 கிட்டார்களை 52 பேரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். 2018இல் வெளியான முடிவு, பெரிதாக யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்பதுதான். பிரேசில் மரத்துக்குக் கொடுப்பது அபூர்வத்துக்கான விலை. பார்க்க அழகு, மறுக்கவில்லை. ஆனால் மனசுக்கு நெருங்கிய கிட்டார் என்றால் விற்காதீர்கள், சான்றுக்கு அலைந்தாலும் பரவாயில்லை.

கேள்வி: லண்டனில் ஒரு பழைய சாமான் சந்தையில் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சின்ன கிட்டார் மலிவாக எடுத்தேன். ஸ்டீல் கம்பி போடலாமா?

பதில்: கூடாது. அந்தக் காலத்து கிட்டார்கள் பெரும்பாலும் ஆட்டுக்குடல் நரம்புக்குச் செய்தவை. மார்ட்டினே ஸ்டீல் கம்பிக்கென்று செய்ய ஆரம்பித்தது 1922 வாக்கில்தான். ஸ்டீல் போட்டால் சில மாதத்தில் பிரிட்ஜ் பிய்த்துக்கொண்டு வரும். நைலான் போடுங்கள், அதுவும் இழுவை குறைந்ததாகப் பார்த்து.

கேள்வி: டொராண்டோவில் இருக்கிறேன். ஜனவரி வந்தால் என் அறுபதுகளின் கிப்சன் கிட்டாரில் ஃபிரெட் முனை கையைக் கீறுகிறது. சென்னையில் இருக்கும் மாமாவின் கிட்டாரோ வயிறு உப்பி நிற்கிறது. இது என்ன கூத்து?

பதில்: இரண்டும் ஒரே நோய், திசைதான் வேறு. கிட்டாருக்குப் பிடித்தது 45 முதல் 55 சதவீத ஈரப்பதம். ஹீட்டர் போட்ட வீட்டில் காற்று வறண்டு பலகை சுருங்குகிறது, ஃபிரெட் உலோகம் சுருங்காமல் வெளியே நீட்டுகிறது. சென்னையில் பலகை ஈரம் குடித்து உப்புகிறது. ஒரு சின்ன ஈரமானி வாங்கி பெட்டிக்குள் போடுங்கள், குளிர்காலத்தில் ஈரப் பஞ்சு, மாமாவுக்கு சிலிக்கா ஜெல். மாமாவிடம் இன்னொன்றும் சொல்லுங்கள், வெயிலில் நிறுத்திய காருக்குள் கிட்டாரை வைக்கவே கூடாது. பழைய கிட்டார்களை ஒட்டியது நம் ஆசாரிகள் காய்ச்சும் வஜ்ஜிரம் மாதிரியான பசை, சூடு ஏறினால் இளகிவிடும். உங்களுக்கும் ஒன்று: ரப்பர் வைத்த ஸ்டாண்டில் மாட்டாதீர்கள், பழைய கிட்டாரின் மேல்பூச்சான நைட்ரோ லாக்கரை ரப்பர் தின்றுவிடும், அந்தத் தழும்பு போகாது.

கேள்வி: தங்கம் மாதிரி பழைய கிட்டாரும் ஏறிக்கொண்டே போகுமா? முதலீடாக ஒன்று வாங்கலாம் என்று பார்க்கிறேன். (திருச்சி)

பதில்: தங்கத்தையே வாங்குங்கள், அதற்கு நெக் ரீசெட் தேவையில்லை. நிர்வாணா ராக் குழுவின் கர்ட் கோபேன் வாசித்த 1959 மார்ட்டின் 2020இல் 60 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனதைப் பார்த்துக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த விலை அந்தக் கைக்கு. இரண்டாம் உலகப் போருக்கு முன் மார்ட்டின் செய்த டி-45 மாதிரி மொத்தமே 91தான் உண்டு என்றால் வேறு கணக்கு, அது நமக்கு எட்டாத கணக்கு.

கேள்வி: அப்பா கப்பலில் வேலை பார்த்தபோது ஜப்பானில் வாங்கி வந்த யமஹா எஃப்ஜி-180 பரணில் கிடக்கிறது. உள்ளே சிவப்பு லேபிள், நிப்பான் கக்கி என்று போட்டிருக்கிறது. நிறம் மங்கி, அங்கங்கே பாலிஷ் உரிந்திருக்கிறது. புதுசாக பாலிஷ் அடித்து விற்றால் என்ன கிடைக்கும்? (தூத்துக்குடி)

பதில்: பாலிஷ்காரரை வாசலிலேயே நிறுத்துங்கள். பழைய கிட்டாருக்கு மறுபாலிஷ் அடித்தால் விலை பாதியாகும் என்பது வியாபாரிகள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. யமஹா கம்பெனிக்கு 1987 வரை நிப்பான் கக்கி என்றுதான் பெயர், எஃப்ஜி-180 வந்தது 1966இல், சிவப்பு லேபிள் என்றால் அந்த வரிசையின் ஆரம்ப கால கிட்டார். முன்பலகை பிளைவுட்தான், அதனால் மார்ட்டின் விலையெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் பிளைவுட் என்று கேவலமாகவும் நினைக்க வேண்டாம், அந்தச் சிவப்பு லேபிளைத் தேடித் தேடி வாங்குகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. கடற்கரை ஊரில் இத்தனை வருஷம் விரிசல் விடாமல் தாக்குப்பிடித்திருந்தால் அதற்கும் அந்தப் பிளைவுட் ஒரு காரணம்.

மேலே சொன்ன ஸ்கேல் சோதனையைச் செய்யுங்கள். இந்த வரிசையின் நெக் லேசில் கழலாது, ரீசெட் வேண்டியிருந்தால் செலவு கட்டுப்படியாகாது. நெக் நன்றாக இருந்தால், ஈரத்துணியைப் பிழிந்து துடைத்து, டியூனிங் கீ பல்லில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மெல்லிய கம்பி ஒரு செட் போடுங்கள். ஒரே நாளில் முழுசுருதிக்கு முறுக்க வேண்டாம், ஒரு சுருதி கீழே வைத்து இரண்டு நாள் விடுங்கள். பிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள், உள்ளே போகவில்லை என்றால் மேலே ஏற்றலாம். அப்பா இருக்கிறாரென்றால் விலை பேசுவதற்கு முன்னால் அவர் கையில் ஒரு தடவை கொடுங்கள்.