நானூறு பேர் இருக்கிறார்கள், பேசுவது பத்துப் பேர்தான்

ஈரோட்டு வாசகி ஒருவரின் கேள்வி: மாடித்தோட்டம் போடுகிறவர்களுக்காக ஒரு ஆப் நடத்துகிறேன். 400 பேர் சேர்ந்தும் பத்துப் பேர்தான் பேசுகிறார்கள். கருத்துக் கேட்டால் வீடியோ கால் வேண்டும், டார்க் மோட் வேண்டும் என்கிறார்கள். எதை முதலில் செய்வது?

இரண்டையும் ஓரமாக வையுங்கள். என்ன வேண்டும் என்று பொதுவாகக் கேட்டால் தோன்றியதைச் சொல்வார்கள், அதுவும் ஏற்கெனவே பேசுகிற அதே பத்துப் பேர்தான் சொல்வார்கள். ஒருமுறை கேள்வி போட்டுவிட்டு அப்புறம் எட்டிப் பார்க்காதவர்களுக்கு நீங்களே போன் போட்டு, பதில் எப்போது வந்தது, அது உதவியதா என்று மட்டும் விசாரியுங்கள்.

நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டையே பாருங்களேன். மங்கலான படத்தோடு ஒருவர், "செம்பருத்தி இலை மஞ்சளாகுது, ஏன்?" என்கிறார். மூன்று நாள் கழித்து ஒரே பதில்: "வேப்பெண்ணெய் அடிங்க." அவர் ஏன் திரும்பி வரப்போகிறார்? பதில் சொன்னவரையும் குறை சொல்ல முடியாது. மஞ்சளானது அடி இலையா (தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம்), தளிரா (இரும்புச்சத்தைச் சந்தேகிக்கலாம்), தொட்டியில் தண்ணீர் தேங்குகிறதா என்று தெரியாமல் யார்தான் என்ன சொல்வது? இந்த மூன்றையும் கேள்வி போடும் இடத்திலேயே கேட்டு வாங்குங்கள், அரை நாள் வேலைதான்.

எந்தப் பதில் உதவியது என்று தெரியவும் ஒரு வழி வேண்டும். 2008-ல் வந்த ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற புரோகிராமர்களின் கேள்வி-பதில் தளத்தில் ஒரு பதிலுக்கு எதிர் ஓட்டுப் போட்டால் எழுதியவருக்கு 2 புள்ளி போகும், போட்டவருக்கும் 1 போகும். கை காசு போகிறதென்றால் யோசித்துத்தானே போடுவார்கள்! அந்த அளவு விதியெல்லாம் உங்களுக்கு இப்போது தேவையில்லை, "இதைச் செய்தேன், செடி தேறியது" என்று ஒரு பட்டன் போதும்.

பயனர்கள் செய்தி இணைப்புகளைப் பகிர்ந்து ஓட்டுப் போடும் டிக் (Digg) தளம் 2010 ஆகஸ்டில் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றி, பிடிக்காத பதிவைக் கீழே தள்ள அவர்கள் பழகியிருந்த 'பரி' (bury) பட்டனையும் எடுத்துவிட்டது. கோபத்தில் பலர் அதேபோன்ற இன்னொரு தளமான ரெடிட்டுக்குப் போய்விட்டார்கள். அதனால் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். அந்த ரெடிட்டே தொடக்கத்தில் ஆள் இருப்பதுபோல் காட்ட நிறுவனர்களே பொய்க் கணக்குகளில் பதிவு போட்ட தளம்தான், அந்த வழி வேண்டாம். உங்கள் பெயரிலேயே இரண்டு மாதம் எல்லாக் கேள்விக்கும் அன்றன்றே பதில் போடுங்கள், தெரியாததற்குத் தெரிந்தவரைக் கூப்பிட்டு விடுங்கள். பிறகு போனில் பேசிய அதே ஆட்களிடம், நீங்கள் சொன்னதால் இதை மாற்றினோம் என்று சொல்லி, அந்தச் செம்பருத்தி என்ன ஆயிற்று என்றும் கேளுங்கள்.