அறுவை சிகிச்சையின்றி முதுகெலும்பின் அழுத்தத்தைக் குறைக்கும் சிகிச்சை என்றால் என்ன?

இடுப்பில் பட்டை கட்டி, அல்லது கழுத்து வலியாயின் தலையின் பின்புறத்தைத் தாங்கிப் பிடித்து, இயந்திரத்தால் முதுகெலும்பை மெல்ல இழுத்துத் தளர்த்துவதே இச்சிகிச்சை.

எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் 23 டிஸ்குகள் உள்ளன. வெளியே நார் வளையமும் உள்ளே கூழும் கொண்ட இவற்றில் ஒன்று பிதுங்கி நரம்பை அழுத்தினால், வலி காலுக்கோ கைக்கோ பரவும். டிஸ்குகளுக்கு நேரடி இரத்த ஓட்டம் மிகக் குறைவு என்பதால், சுற்றியுள்ள திசுக்களிலிருந்தே அவை நீரையும் சத்தையும் பெறுகின்றன. நீருக்குள் அழுத்திப் பிடித்த ஸ்பாஞ்ச், கையைத் தளர்த்தியதும் நீரை உறிஞ்சி உப்புவதைப் போல, அழுத்தம் குறைந்தால் டிஸ்கும் நீரை உறிஞ்சும் என்பதே இச்சிகிச்சையின் கருத்து. இரவில் படுத்திருக்கையில் இயல்பாகவே இது நிகழ்வதால்தான், மாலையைவிடக் காலையில் நாம் சுமார் 1 செ.மீ. உயரமாக இருக்கிறோம்.

கருத்தளவில் இச்சிகிச்சை பொருத்தமாகத் தோன்றினாலும், இழுவைச் சிகிச்சையால் கீழ்முதுகு வலிக்குக் கிடைக்கும் பலன் மிகக் குறைவு அல்லது இல்லை என்றே 2013-இல் வெளியான காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் அமைப்பு) ஆய்வுத் தொகுப்பு கூறியது. ஆகவே, பெருந்தொகை செலவிடும் முன் உடற்பயிற்சி சார்ந்த சிகிச்சையை மருத்துவரிடம் கேட்டறிவதே நல்லது என்பேன். எலும்பு முறிவு, கடும் எலும்பு மெலிவு (ஆஸ்டியோபோரோசிஸ்), கர்ப்பம் ஆகியவை இருப்போர் இதைத் தவிர்க்க வேண்டும். சிறுநீர் கட்டுப்பாடு இழந்தாலோ கால் பலவீனமடைந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பிதுங்கிய டிஸ்கை இயந்திரம் இழுத்து நிரந்தரமாக உள்ளே தள்ளிவிடும் எனப் பலர் நம்புகின்றனர். உண்மையில், பல பிதுக்கங்களை எந்த இழுவையும் இன்றி உடலே சில மாதங்களில் சுருக்கிவிடுகிறது.