மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சை: வாசகியரின் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

அந்தரங்கம் கருதி, எழுதியவர்களின் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் குறிப்பிட்டுள்ளேன்.

எனக்கு 38 வயது. இரண்டு பிள்ளைகள் பிறந்தபின் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டேன். விடியற்காலையில் மல்லிகை பறிக்கப் போகிறேன். கழுத்தும் தோளும் ஓயாமல் வலிக்கின்றன. கோடையில் மார்புக்கு அடியில் தோல் வெந்து புண்ணாகிறது. ஆபரேஷன் பற்றிப் பேசினால், "இந்த வயதில் அழகு பார்க்கிறாயா?" என்கிறார்கள். (உசிலம்பட்டி)

நீங்கள் எழுதியிருப்பவை அழகைப் பற்றிய குறைகள் அல்ல, நோய்க்குறிகள். மார்பகத்தின் எடை உடலை முன்பக்கமாக இழுப்பதால், தலையையும் தோளையும் நிமிர்த்திப் பிடிக்கக் கழுத்துத் தசைகளும் மேல்முதுகுத் தசைகளும் நாள் முழுவதும் உழைக்கின்றன. குனிந்தபடியே பூப்பறிப்பவருக்கு அந்தச் சுமை இன்னும் கூடுகிறது. உள்ளாடைப் பட்டை தோளில் பள்ளம் பதிப்பதும், நம் ஊர் வெயிலில் மடிப்புக்குள் வியர்வை தேங்கிப் பூஞ்சைத் தொற்று திரும்பத் திரும்ப வருவதும் இதே பருமனின் விளைவுகள்தாம்.

ஆனாலும் அறுவை சிகிச்சையை நான் முதல் படியாக வைப்பதில்லை. சில மாதங்களுக்கு அகலமான பட்டையுள்ள, சரியான அளவு உள்ளாடையை அணிந்து பாருங்கள். கடையில் அளவைச் சொல்லக் கூச்சப்பட்டுச் சிறிய கப் அளவையே வாங்கிவருவோர் நம்மிடையே மிகப் பலர். உண்மையில் எடையைத் தாங்க வேண்டியது தோள்பட்டை அன்று, மார்பைச் சுற்றி வரும் பட்டைதான். இத்துடன் பிசியோதெரபி பயிற்சியும், மடிப்பை உலர்வாக வைத்துத் தோல் மருத்துவர் தரும் களிம்பைப் பூசுவதும் அவசியம். கழுத்தெலும்புத் தேய்மானம் போன்ற வேறு காரணம் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். உடல் எடை அதிகமாக இருந்தால், அதைக் குறைத்து நிலைப்படுத்துவது காயம் ஆறுவதற்கு நல்லது; ஆனால் சுரப்பித் திசு மிகுந்த மார்பகம் எந்த உடற்பயிற்சியாலும் பெரிதாகச் சுருங்காது.

இவ்வளவுக்குப் பிறகும் வலி தொடர்ந்தால், குழந்தைப்பேறு முடிந்துவிட்ட உங்களுக்கு இந்த அறுவை சிகிச்சை தக்க வழி என்றே சொல்வேன். செய்துகொண்ட பெண்களில் பெரும்பாலோருக்குக் கழுத்துவலியும் தோள்வலியும் கணிசமாகக் குறைகின்றன. அழகு பார்க்கிறாயா என்று கேட்பவர்கள் உங்கள் தோளில் பதிந்திருக்கும் பள்ளத்தைப் பார்த்ததில்லை.

வயது 24. வீட்டில் வரன் பார்க்கிறார்கள். திருமணத்துக்கு முன்பே செய்துகொண்டால், பிறகு குழந்தைக்குப் பால் கொடுக்க முடியுமா? (மேலூர்)

கொடுக்க முடியலாம், ஆனால் போதுமான அளவு சுரக்கும் என்று எந்த மருத்துவராலும் உறுதி கூற இயலாது. முழு மயக்கத்தில் ஏறக்குறைய 2 முதல் 4 மணி நேரம் நடக்கும் இந்தச் சிகிச்சையில், முலைக்காம்பை அதன் ரத்த ஓட்டத்தைத் தாங்கிய திசுவோடு சேர்த்தே மேலே நகர்த்தி, சுற்றிலும் உள்ள கொழுப்பு, சுரப்பித் திசு, மிகுதியான தோல் ஆகியவற்றை அகற்றுகிறோம். காம்புக்கு அடியிலுள்ள சுரப்பியும் பால் நாளங்களும் எவ்வளவு காப்பாற்றப்படுகின்றனவோ அவ்வளவுக்கு வாய்ப்பு மிஞ்சும். மிகப் பெரிய மார்பகங்களில் சில வேளை காம்பைத் தனியே எடுத்து மீண்டும் ஒட்ட நேரும். அப்போது அந்த மார்பில் பால் கொடுக்க இயலாது, உணர்ச்சியும் பெருமளவு போய்விடும். உங்களுக்கு எந்த முறை என்பதை மருத்துவரிடம் முன்னரே நேராகக் கேளுங்கள்.

கர்ப்பமும் தாய்ப்பாலும் மார்பகத்தின் அளவையும் வடிவத்தையும் மறுபடி மாற்றக்கூடும். ஆகவே, வலி தாங்கும் அளவில் இருந்து, பால் கொடுப்பதும் உங்களுக்கு முக்கியம் என்றால், காத்திருப்பதே நல்லது. மாறாக, வலி உங்கள் அன்றாட வேலையையே முடக்குகிறது என்றால், எப்போது பிறக்கும் என்று தெரியாத குழந்தைக்காக ஆண்டுக்கணக்கில் துன்பப்பட வேண்டும் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். வரப்போகும் வீட்டாரின் கண்ணுக்காக மட்டும் என்றால் வேண்டாம். தழும்பும் உணர்ச்சி மாற்றமும் உங்கள் உடலில்தான் நிற்கும்.

என் மகளுக்கு 16 வயது. பள்ளியில் கேலி செய்கிறார்கள் என்று விளையாட்டு வகுப்புக்கே போவதில்லை. (திருமங்கலம்)

வளர்ச்சி நின்று, மார்பக அளவு ஓராண்டு காலமாவது மாறாமல் இருக்கும் வரை பொறுப்பதே பொதுவான நடைமுறை; முன்னதாகச் செய்தால் மீண்டும் வளர்ந்து இரண்டாம் முறை அறுக்க நேரலாம். சில மாதங்களிலேயே மிக வேகமாகப் பெருத்திருந்தால் மட்டும் தாமதிக்காமல் காட்டுங்கள். அது தனியாகக் கவனிக்க வேண்டிய நிலை. இதற்கிடையில் உறுதியான விளையாட்டு உள்ளாடை வாங்கிக் கொடுத்து, வகுப்பாசிரியையிடம் நீங்களே நேரில் பேசுங்கள். கேலியைத் தடுப்பது பெரியவர்களின் பொறுப்பு. அதற்காக ஒரு சிறுமி கத்தியின் கீழ் படுக்கக் கூடாது.

எனக்கு 47 வயது, சர்க்கரை நோய் உண்டு. என் தாயாருக்கு மார்பகப் புற்றுநோய் இருந்தது. (செல்லூர்)

முதலில் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுத்து, கட்டி ஏதும் இல்லை என்று உறுதி செய்த பிறகே மற்றதைப் பேச வேண்டும். அகற்றப்படும் திசுவும் நோய்க்கூறியல் பரிசோதனைக்கு (திசுவில் நோய் உண்டா என்று நுண்ணோக்கியில் பார்ப்பது) அனுப்பப்படுவதை உறுதிசெய்யுங்கள். சிகிச்சைக்குப் பின் மார்பகத்தின் உள்ளமைப்பு மாறிவிடுவதால், சில மாதங்கள் கழித்து எடுக்கும் மேமோகிராம் இனிவரும் பரிசோதனைகளுக்கு ஒப்பீடாகப் பயன்படும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் தையல் பிரிதல், சீழ் பிடித்தல், காம்பின் தோல் கருகுதல் ஆகிய ஆபத்துகள் கூடும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு சரியாகும் வரை தேதி குறிக்காதீர்கள்.

தழும்பு தெரியுமா? எத்தனை நாள் விடுப்பு வேண்டும்? கணவர் கையெழுத்துப் போட மறுக்கிறார். (வாடிப்பட்டி)

தழும்பு நிரந்தரம். பொதுவாகக் காம்பின் கருவளையத்தைச் சுற்றியும், அங்கிருந்து கீழ்நோக்கியும், மார்பின் அடிமடிப்பிலும் இருக்கும். ஓராண்டுக்கு மேல் ஆகும்போது நிறம் மங்கும். காது குத்திய இடமோ பழைய காயமோ தடித்து வளர்ந்த அனுபவம் இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு 2 வாரத்தில் திரும்பலாம். தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை, கைக்குழந்தை ஆகியவற்றை 4 முதல் 6 வாரங்களுக்குத் தூக்கக் கூடாது.

18 வயது நிறைந்த பெண்ணின் சிகிச்சைக்கு அவருடைய சம்மதமே சட்டப்படி போதுமானது. உறவினர் ஒருவரின் கையெழுத்தையும் மருத்துவமனைகள் வழக்கமாகக் கேட்கும்; அவர் கணவராகவே இருக்க வேண்டியதில்லை. இருந்தாலும், ஒருமுறை கணவரையும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பயத்தினால் மறுப்பவர்கள் பலர். விளக்கம் கேட்டபின் மனம் மாறுவார்கள்.

இன்சூரன்ஸ் கிடைக்குமா? (பழங்காநத்தம்)

அழகுக்கான சிகிச்சை என்று கருதினால் நிறுவனங்கள் மறுத்துவிடும். உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்கும் மருத்துவத் தேவை என்று சிகிச்சை தரும் மருத்துவர் சான்றளித்தால் விதிவிலக்குக்கு இடமுண்டு. ஆகவே தோல் மருத்துவரின் சீட்டு, பிசியோதெரபி பதிவேடு, எக்ஸ்ரே அனைத்தையும் தேதிவாரியாகச் சேர்த்து வையுங்கள். நிறுவனத்தின் முன் அனுமதியை எழுத்தில் பெற்ற பிறகே மருத்துவமனையில் சேருங்கள். தனியார் செலவு கைக்கு எட்டாதென்றால், மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் பிளாஸ்டிக் சர்ஜரித் துறை உண்டு. முதல் ஆலோசனைக்கு அங்குள்ள புறநோயாளிகள் பிரிவுக்கு மேற்சொன்ன ஆவணங்களோடு செல்லலாம்.