மகளுக்கு மென்டர் போட்டிருக்கிறார்களாம், நான் பேசலாமா?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட்டில், தோட்டத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கிறோம். மகள் செப்டம்பரில் இங்கிலாந்து லீட்ஸுக்குப் படிக்கப் போகிறாள். பல்கலைக்கழகம் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தியை அவளுக்கு மென்டராக, அதாவது வழிகாட்டியாக, போட்டிருக்கிறதாம். முன்பின் தெரியாதவளிடம் என்ன கேட்பது என்று இவள் ஒதுங்குகிறாள். நானே அந்தப் பிள்ளையிடம் பேசட்டுமா?
- ஒரு தாய்

பதில்: வேண்டாம்மா. நீங்கள் பேசினால் அந்தப் பிள்ளையும் பயந்துவிடும், உங்கள் மகளும் இனி வாய் திறக்க மாட்டாள். அவளே எழுதட்டும், அதுவும் விமானம் ஏறும் முன்பே.

அலுவலகத்தில் கேட்கக் கூச்சப்படும் சில்லறைக் கேள்விகளுக்குத்தான் இந்த ஏற்பாடே. அறையில் தலையணை, போர்வை இருக்குமா, விடுதியில் ரைஸ் குக்கருக்கு அனுமதி உண்டா, விரிவுரையாளரைப் பெயர் சொல்லியா கூப்பிடுவது? சார், டீச்சர் என்றே வளர்ந்த பிள்ளைக்கு இந்தக் கடைசி விஷயம் ஒன்றே முதல் வாரம் முழுக்க வாயை அடைத்துவிடும். அப்புறம் ஜிபி (குடும்ப டாக்டர்) கிளினிக்கில் எப்படிப் பதிவது என்றும் கேட்கச் சொல்லுங்கள். விசாவோடு மருத்துவத்துக்கென்று ஆண்டுக்கு 776 பவுண்டு கட்டியிருப்பீர்கள், அவ்வளவு கட்டிவிட்டுக் காய்ச்சல் வந்த பிறகு கிளினிக் தேடுவானேன்?

ஆனால் மென்டர் ஆசிரியரும் இல்லை, வக்கீலும் இல்லை. அசைன்மென்ட்டை எழுதித் தரச் சொன்னால் இருவருமே மாட்டுவார்கள். விசா சந்தேகத்தை அவளிடம் கேட்கவே வேண்டாம், பிரிட்டனில் உரிய அங்கீகாரம் இல்லாதவர் குடிநுழைவு ஆலோசனை சொல்வது சட்டப்படி குற்றம். அதற்குப் பல்கலைக்கழகத்திலேயே அனைத்துலக மாணவர் அலுவலகம் இருக்கும். டிகிரி மாணவர்கள் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. "உணவகத்தில் கையில் காசு தருவார்கள், யார் பார்க்கப் போகிறார்" என்று எந்த சீனியர் சொன்னாலும், அது நம்ம ஊர் அண்ணனே ஆனாலும், காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

மலேசிய மாணவர் சங்கத்திலும் சேரட்டும் (அங்குள்ள இந்தச் சங்கங்களுக்கு யூகேஈசி என்ற கூட்டமைப்பு 1967 முதல் இருக்கிறது). தேங்காய்ப்பால் எங்கே கிடைக்கும் என்று அந்த அக்காக்களுக்குத்தான் தெரியும். அதற்காக மென்டரை விட்டுவிட வேண்டாம், அவள் துறையில் எந்தப் பாடம் எப்படிப் போகும் என்பது அந்தப் பிள்ளைக்குத்தான் தெரியும். சரி, எழுதியும் பதிலே வரவில்லையா? வேறொருவரை மாற்றித் தரும்படி கேட்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

இன்னொன்று. நீங்கள் இரவு 10 மணிக்கு அழைத்தால் செப்டம்பரில் அங்கே மதியம் 3, அக்டோபர் கடைசி ஞாயிறிலிருந்து 2. வகுப்பில் இருப்பாள். எடுக்கவில்லை என்றதும் மென்டர் நம்பரைத் தேடாதீர்கள்.